அத்தை பையோடு கிரிவலம் போன கன்சோல்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்க மாட்டேன். ஓட்டலைப் பற்றித்தான் சொல்வேன். கல்லாவில் இருப்பவர் தன் பாட்டுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே தோசை மாஸ்டர் தன் வேகத்தில் ஒவ்வொரு டோக்கனாக எடுத்து ஊற்றிக்கொண்டிருப்பார். இவருக்காக அவரும் அவருக்காக இவரும் காத்துக்கொண்டிருந்தால் கடை நடக்காது. அதனால் டோக்கன்களை வரிசையாகச் செருகி வைக்க நடுவில் ஒரு பலகை இருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

இதையே கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் கம்பெனி மருந்து மொத்த வியாபாரம் செய்கிறது. ஊர் ஊராக இருக்கும் மெடிக்கல் ஷாப்காரர்கள் ஆர்டர் போடுவது ஒரு மென்பொருளில். குடோனில் பெட்டி கட்டச் சொல்வது இன்னொரு மென்பொருள். முதலாவது எழுதிப் போடும் செய்திகளை இரண்டாவது எடுத்துப் படிக்கும்வரை பத்திரமாக வரிசையில் வைத்திருப்பது நடுவில் இருக்கும் மூன்றாவது. அந்த மூன்றாவதன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று பிரௌசரில் காட்டுகிற பக்கத்துக்குத்தான் கன்சோல் என்று பெயர். எந்த வரிசையில் எத்தனை செய்தி நிற்கிறது, எடுக்கிற ஆள் வேலை செய்கிறானா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரியும். பச்சை என்றால் நிம்மதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வர வேண்டும்.

அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மேசை போட்டு, நாள் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மதியத்துக்கு மேல் என் மாமியாரும் காய் நறுக்கும் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எண்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு ருசி. "இன்னிக்கு எவ்ளோ நிக்குது?" என்று கேட்பார். கொஞ்சம்தான் அத்தை என்றால் முகம் வாடிவிடும். ஜாஸ்தியாக நின்றால் அவருக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், எங்க மருமக வீட்டுலயே உக்காந்து தோசைக் கடை பாக்கறா என்று சொல்லிவைத்திருந்தார். தெருவில் பாதிப் பேர் அதை இன்னும் நம்புகிறார்கள்.

இந்த சுகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எல்லாரும் சென்னை அலுவலகத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று நாலைந்து மாதமாகப் பேச்சு அடிபட்டு, கடைசியில் கம்பெனி உறுதியாகச் சொல்லிவிட்டது. என் கணவருக்கு இங்கே அரசுப் பள்ளியில் வேலை, இடம் மாற வழியில்லை. பாப்பா எல்.கே.ஜி. போகிறாள். நான் வாரம் முழுக்க சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்துகொண்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து அவளைப் பார்க்க வேண்டும். விடுதியின் படங்களைப் போனில் பார்த்தேன். சுவரோடு சுவராக இரும்புக் கட்டில், தலைமாட்டில் ஒரு பூட்டு அலமாரி. அன்றைக்கு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அதே கோபத்தோடு மேனேஜரைக் கூப்பிட்டு, இங்கிருந்தே என்னால் எல்லாம் பார்க்க முடியும், வேண்டுமென்றால் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நுணுக்கமானவர். இணையத்தில் எங்கள் ஊரைத் தேடிப் பார்த்திருக்கிறார். பௌர்ணமிக் கூட்டத்தின் வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. "உங்க ஊர்ல பௌர்ணமி அன்னிக்கு போனே வேலை செய்யாதாமே. அன்னிக்கு முழுக்க நீங்க ஒருத்தரே பாருங்க. அது சரியா போச்சுன்னா நீங்க அங்கயே இருக்கலாம்" என்றார். என்னோடு முறை போட்டு வேலை பார்க்கும் இன்னொருவருக்கு அன்றைக்கு லீவும் கொடுத்துவிட்டார். மேனேஜரிடம் இருக்கும் அனுமதியில் கன்சோலைப் பார்க்க மட்டும்தான் முடியும், எதையும் தொட முடியாது. ஆக, நான் தடுமாறுவதை அவர் நேரலையாகப் பார்க்கலாம்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி தயாரானேன். போன் சிக்னல் போனால் போகட்டும் என்று கேபிள் வழி இன்டர்நெட்டை மூன்று முறை சரிபார்த்தேன். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். கணவரை லீவு போடச் சொல்லி, பாப்பாவை அவர் பொறுப்பில் விட்டேன். காலையில் கன்சோல் முழுக்கப் பச்சைப் பசேல் என்றிருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்ற திமிரோடு மதியம் சாப்பிடப் போனேன்.

யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பண்டிகைத் தள்ளுபடியில் எனக்கும் மாமியாருக்கும் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கியிருந்தோம். ஒரே நிறம், ஒரே உறை. திரையில் இருக்கும் படமாவது வேறாக இருக்கக் கூடாதா? இரண்டிலும் பாப்பாதான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். இரண்டுமே பிரிட்ஜ் மேல்தான் சார்ஜ் ஏறும். மாமியார் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். அன்றைக்கு நான் சாப்பிட உட்காருவதற்கு முன்பே துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற போக்கில் பிரிட்ஜ் மேலிருந்து ஒரு போனை எடுத்துப் பைக்குள் போட்டதை நானும் பார்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு வந்து உட்கார்ந்தால், நீண்ட நேரம் தொடாததால் கன்சோல் என்னை வெளியே தள்ளியிருந்தது. அது வழக்கம்தான். உள்ளே போகக் கடவுச்சொல் போட்டால் மட்டும் போதாது. போனில் ஒரு செயலி இருக்கிறது. அது அவ்வப்போது மாறுகிற ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டும், அதையும் தட்ட வேண்டும். போனை எடுத்தேன். வாட்ஸப்பில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள் வரிசையாக வந்திருந்தன. எனக்கு ரோஜாப்பூ அனுப்புகிற ஆள் யாரும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி அரட்டைப் பெட்டியில் மேனேஜர் வந்தார். குடோனுக்கு ஆர்டர் எதுவும் வரவில்லையாம், வரிசையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதாம், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தத் திறமை எனக்கு எப்போதும் வந்ததில்லை. என் போனை மாமியார் மாற்றி எடுத்துக்கொண்டு கிரிவலம் போய்விட்டார் என்று எழுதினேன். அவர் எப்போது திரும்புவார் என்று கேட்டார். திரும்ப மாட்டார் சார், சுற்றித்தான் வருவார் என்று எழுதினேன்.

மாமியாரின் போனிலிருந்து என் எண்ணுக்கு அடித்தேன். பௌர்ணமியில் மலையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் யாரையோ தேடிக்கொண்டிருப்பார்கள், லேசில் லைன் கிடைக்காது. பலமுறை அடித்த பிறகு எடுத்தார். அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டாராம். போன் மாறிய விஷயத்தைச் சொல்லி, அப்படியே திரும்பி வந்துவிடுங்கள் என்றேன்.

"சுத்த ஆரம்பிச்சிட்டு பாதில திரும்பறதா? அதெல்லாம் மாட்டேன்" என்றார். முழுக்கச் சுற்றி வந்து கொடுக்கிறேன், அவசரப்படாதே என்று ஆறுதல் வேறு. எண்ணையாவது படித்துச் சொல்லச் சொல்லலாம் என்றால், அந்தச் செயலி என் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும், வேறு எதற்கும் மசியாது. கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடு அப்படி. அங்கேயே ஒரு இடத்தில் உட்காருங்கள், நான் வருகிறேன் என்று கத்தினேன். அவர் சரி என்று சொன்னாரா, லைன் போய்விட்டதா தெரியவில்லை.

மடிக்கணினியைப் பையில் திணித்தேன். கணவர் ஸ்கூட்டரை எடுத்தார், பாப்பா முன்னால் நின்றுகொண்டாள், நான் பின்னால். போலீஸ் தடுப்பு வரைக்கும் போக முடிந்தது. அவரையும் பாப்பாவையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன், அதற்கு மேல் நடைதான். இங்கே ஒரு சிக்கல். எல்லாரும் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றி வருகிறார்கள். நான் அவர்களுக்கு எதிராக, மலையை இடப்பக்கம் வைத்துப் போக வேண்டும். பாதையோரத்தில் வீடு இருப்பவர்கள் அப்படி நடப்பது உண்டு, அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நெஞ்சோடு ஒரு கறுப்புப் பையை அணைத்துக்கொண்டு, தலை கலைந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிரே வருகிற பெண்ணை எல்லாருமே சொன்னார்கள்.

வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு குடும்பமே நின்று எனக்குத் திசை காட்டியது. வெளியூர்ப் பெரியவர் ஒருவர் இது பாவம் என்றார். நான் சுற்றவே ஆரம்பிக்கவில்லை ஐயா, வேலைக்குப் போகிறேன் என்றேன். என் நடையையும் மூச்சையும் பார்த்துவிட்டு அவர் வழிவிட்டார். அன்னதானம் போடுகிறவர்களுக்கோ திசையைப் பற்றிக் கவலையே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கையில் ஒரு தொன்னையைத் திணித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதைவிட வாங்கிக்கொள்வது சீக்கிரம் முடிகிற வேலை. வரிசையில் செய்திகள் குவிந்துகொண்டிருக்க, நான் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஓடினேன். நன்றாகவே இருந்தது.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்து நிழலில், மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முந்தானையால் விசிறிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் போனை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்குவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டேன். என் வாழ்க்கையே இதில் தொங்குகிறது, ஒரே ஒரு தடவை திரும்பி நடந்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்று, நடு ரோடு என்றும் பார்க்காமல் பொரிந்து தள்ளினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"யாருக்காக சுத்தறேன்னு நெனச்ச? நீ மெட்ராஸ் போவாம இங்கயே இருக்கணும்னுதான் நாலு பௌர்ணமியா வேண்டிகினு சுத்தறேன். பாதில திரும்பினா அது என்னாத்துக்கு ஆவும்?"

என் வேலை நிலைக்க வேண்டும் என்று கிளம்பினவர், அந்த வேலைக்கே உலை வைக்கிற சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதே வேண்டுதலுக்காகவே திரும்பி வரவும் மறுத்திருக்கிறார். கோபம் அப்படியே இருந்தது. அதன் மேலேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

கட்டைவிரலை வைத்தேன், செயலி திறந்தது. எண் காட்டுவதற்கு அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. எனக்குத் தேவை. அந்தக் கூட்டத்தில் எந்தப் போனிலிருந்தும் மடிக்கணினிக்கு ஒரு சொட்டு இன்டர்நெட் கிடைக்கவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை கண்ணில் பட்டது. கடைக்குக் கேபிள் வருவது வெளியிலேயே தெரிந்தது. உள்ளே போனால் ஜெராக்ஸ் மிஷின் மேல் துணி போட்டு மூடி, கடை முழுக்க வயர்களாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பௌர்ணமி அன்றைக்கு அந்தக் கடைக்காரரின் வியாபாரமே வேறு. மலை சுற்றுகிறவர்களின் போனுக்கு சார்ஜ் போட்டுத் தருவார். ஒரு பிளக் ஓட்டையும் வீணாகக் கூடாது என்று இன்டர்நெட் பெட்டியின் வயரையும் பிடுங்கிவிட்டு, அந்த இடத்திலும் யாரோ ஒருவரின் போனைச் செருகியிருந்தார்.

கெஞ்சினேன். அவர் நியாயஸ்தர். ஒருத்தர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன போனைப் பிடுங்க முடியாது என்றார். பின்னால் வந்த மாமியார் கடையை ஒரு சுற்று நோட்டம்விட்டு, சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். அதைப் பிடுங்கிவிட்டு இதை மாட்டினால் என்ன என்று கேட்டார். கடைக்காரர் யோசித்தார். வெயில் ஜாஸ்திம்மா என்று முனகிக்கொண்டே மின்விசிறியை நிறுத்தினார். அந்தப் புழுக்கத்தில், ஜெராக்ஸ் மிஷின் மேலேயே மடிக்கணினியை வைத்து, கன்சோலுக்குள் நுழைந்தேன்.

ஆர்டர் வரிசை ரத்தச் சிவப்பாக இருந்தது. எண்ணிக்கை நான் இதுவரை பார்க்காத உயரத்துக்குப் போயிருந்தது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மாமியார், வாழ்நாளில் முதல் தடவையாக, ஜாஸ்தியாக நிற்பதைப் பார்த்து சந்தோஷப்படவில்லை. அரட்டைப் பெட்டியில் மேனேஜர் எழுதியிருந்தார். வரிசையை மொத்தமாகக் காலி செய்துவிடலாம், கடைக்காரர்களை மறுபடி ஆர்டர் போடச் சொல்லிக்கொள்ளலாம் என்று குடோன் பக்கம் நெருக்குகிறார்களாம். கன்சோலில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் அழிந்து, கண் முன்னால் எல்லாம் பச்சையாகிவிடும். பரீட்சையில் பாஸ் ஆகிவிட்ட மாதிரியும் தெரியும்.

முடியாது என்று எழுதினேன். அதில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு கடைக்காரர் கேட்ட மருந்து. எங்கேயோ ஒருவர் நாளைக் காலை இன்சுலினுக்கு வந்து நிற்பார். எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன்.

ஆர்டரை எடுக்க வேண்டிய குடோன் மென்பொருள் உயிரோடுதான் இருந்தது. எடுக்கிறது, திணறுகிறது, திருப்பி வைக்கிறது. மறுபடியும் அதையே எடுக்கிறது. வரிசையின் முன்னால் நின்ற ஒரு செய்தியைத் திறந்து பார்த்தேன். எந்தக் கடையிலிருந்து என்ற இடமே காலியாக இருந்தது. மாஸ்டர் கையில் எழுத்தே இல்லாத டோக்கன் ஒன்று சிக்கிக்கொண்டது, அதையே முறைத்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஊரே பசியோடு நிற்கிறது. அந்த ஒற்றைச் செய்தியை மட்டும் எடுத்து, பழுதானவற்றுக்கென்று இருக்கும் தனி வரிசைக்கு மாற்றினேன். கன்சோல் ஒரு நொடி அசையாமல் இருந்தது.

எண் இறங்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று. கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரும் எட்டிப் பார்த்தார். என்ன இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இறங்குவது நல்லது என்பது எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் தெரிந்திருக்கும். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது.

மேனேஜர் கம்ப்யூட்டர் வழியாகவே கூப்பிட்டார். பின்னால் ஒலிபெருக்கியும் அரோகராவும் கேட்டிருக்கும், எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அடி அண்ணாமலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என்றேன். பௌர்ணமி மாதா மாதம் வருமா என்று கேட்டார். வரும் சார் என்றேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"சென்னைல இருந்தாலும் போனை வீட்ல விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அந்த வரிசையைக் காலி பண்ணாம விட்டீங்களே, அது போதும். நீங்க அங்கயே இருங்க. எச்.ஆர். கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

நன்றி சார் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர், இனிமேலாவது வேறு வேறு நிறத்தில் போன் வாங்குங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். கடைக்காரருக்கு மின்விசிறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு, பொழுது போகிறது, நட என்றார். கணவருக்கு ஒரு செய்தி தட்டினேன். அது எப்போது போய்ச் சேரும் என்பது எனக்கே தெரியாது. இந்த முறை கூட்டம் போகிற திசையில், அவர் பக்கத்திலேயே நடந்தேன்.

கொஞ்ச தூரம் அவர் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம். என் மேல் இன்னும் கோபமோ என்று நினைத்து, நான் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், பாப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்ற பதற்றத்தில் பேசிவிட்டேன் என்றேன். அவர் முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்த்தபடியே நடந்தார்.

"பாப்பா ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடுவா. அவளுக்கு அப்பன் இருக்கான், ஸ்கூல் இருக்குது. காலைல எல்லாரும் கெளம்பிப் போன பின்னால, அந்த வீட்டுல நான் யார் கூட பேசிகினு இருப்பேன்?"

அதுவரை அந்தப் பரீட்சை எனக்கும் என் பிள்ளைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். எப்போதும் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர், அன்றைக்குப் பேசாமல் கொடுத்துவிட்டார்.